லாரி நம்பர் தெரியவில்லையா? அப்போதும் நஷ்டஈடு உண்டு!

கேட்பார் இல்லாமல் கிடக்கும் பணம்: ஒரு விதவையும் ஒரு மளிகைக்கடைக்காரரும் சொல்லும் அனுபவம்

சென்னை:-

அடித்துப்போட்ட லாரி நிற்கவில்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை. "யார் மேலே கேஸ் போடுறது? எல்லாம் தலைவிதி" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மோதிவிட்டுப் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பலத்த காயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இதற்கென்று தனித் திட்டம் அமலில் இருக்கிறது.

பணம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை!

அதிகாலை 5 மணி

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு புறநகர்ப் பகுதி. ஓட்டு வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருக்கிறார் அந்தப் பெண். வயது 40. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறார். "பேரும் தெருவும் போடாதீங்க சார். வீட்டு வேலை செய்யிற இடத்துல சங்கடமாப் போயிடும்" என்று கேட்டுக்கொண்டார். எனவே பெயர் இல்லை.

அவருடைய கணவர் ஒரு கம்பெனி குடோனில் இரவு வாட்ச்மேன். 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம், இரவு வேலை முடிந்து அதிகாலை 5 மணிக்கு சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு கனரக வண்டி இடித்துத் தள்ளிவிட்டு, மின்னல் வேகத்தில் பறந்துவிட்டது.

பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பால் வண்டிக்காரர்.

"சத்தம் கேட்டுத் திரும்பினேன். பின்னாடி சிவப்பு லைட் மட்டும்தான் தெரிஞ்சுது. லாரியா, டிப்பரான்னுகூட சொல்ல முடியலை" என்று அவர் போலீசாரிடம் சொன்னார். 108 ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் அவர்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் 2 நாள் உயிருக்குப் போராடிய அந்த வாட்ச்மேன், சிகிச்சை பலனின்றி பரிதாபமாக இறந்தார். பிளஸ்-2 படிக்கும் மகள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன். கம்பெனிக்காரர்கள் ஈமச்சடங்குக்கு 10 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அத்தோடு சரி.

"அடையாளம் தெரியாத வாகனம்" என்று போலீசார் வழக்குப்பதிவு செய்தார்கள்.

6 முறை நடை

"ஸ்டேஷனுக்கு ஆறு தடவை போனேன் சார். 'நம்பர் கிடைச்சா நாங்களே சொல்லி அனுப்புறோம்மா, சும்மா அலையாதே'ன்னு சொன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்லலை. கேமரா எல்லாம் பார்த்தாங்களாம். ஒண்ணும் தெரியலையாம். ஆனா இப்படி ஒரு பணம் இருக்குன்னு ஒருத்தர்கூட சொல்லலை."

கந்துவட்டிக்கு வாங்கிய கடன் 60 ஆயிரம் ரூபாய். மகளை பிளஸ்-2 முடித்ததும் துணிக்கடை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

அந்த நேரத்தில்தான், 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க தாலுகா ஆபீசுக்குப் போனார். வாசலில் மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக்கொடுக்கும் ஒரு பெரியவர். எழுதிக்கொண்டே கேட்டாராம்.

"வீட்டுக்காரர் எப்படிம்மா இறந்தார்?"

"லாரி அடிச்சுங்க ஐயா."

"எந்த லாரி?"

"தெரியாதுங்க. நிக்காம போயிட்டான்."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ உனக்கு எழுத வேண்டியது ஒரு மனு இல்லேம்மா. ரெண்டு மனு!"

எந்த ஆர்.டி.ஓ.?

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போ" என்று சொல்லி, தேவையான காகிதங்களின் பட்டியலையும் எழுதிக்கொடுத்தார் பெரியவர். மறுநாள் காலையில் அந்தப் பெண் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். போன இடம், டிரைவிங் லைசென்சு கொடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்!

"ரோட்டிலே வண்டி அடிச்சு செத்தா வண்டி ஆபீசுக்குத்தானே போகணும்? நான் அப்படித்தான் நெனச்சேன். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். 'எட்டு போடவா வந்திருக்கீங்க?'ன்னு ஒரு தம்பி கேட்டுச்சு. அழுகையே வந்துடுச்சு சார்."

நம் ஊரில் ஆர்.டி.ஓ. என்றால் இரண்டு பேர். ஒருவர் வண்டிகளுக்கு நம்பர் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. இன்னொருவர் நிலம், பட்டா, சான்றிதழ் பார்க்கும் வருவாய் கோட்டாட்சியர். இந்தப் பணத்துக்குப் போகவேண்டியது இரண்டாமவரிடம்! கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள வருவாய்த்துறை அதிகாரிதான் இதற்கு "விசாரணை அதிகாரி". பணம் வழங்க உத்தரவு போடுபவர் மாவட்ட கலெக்டர்.

கோர்ட்டு இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. வண்டி எது, டிரைவர் யார், தப்பு யார் பேரில் என்ற வாதமும் இல்லை. வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும், அந்த விபத்தில்தான் இறப்போ காயமோ ஏற்பட்டது என்பதும் தெரிந்தால் போதும்.

என்னென்ன காகிதம்?

மனுவோடு கொடுக்க வேண்டியவை இவைதான்:-

1. திட்டத்தின் முதல் படிவத்தில் எழுதிய மனு. அதோடு, வேறு வழியில் நஷ்டஈடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி.

2. போலீஸ் எப்.ஐ.ஆர். நகல்.

3. இறந்திருந்தால் பிரேத பரிசோதனை அறிக்கை. காயம் என்றால் டாக்டர் கொடுத்த காயச் சான்று.

4. பாதிக்கப்பட்டவர், மனுக் கொடுப்பவர் இருவருடைய அடையாள அட்டை, முகவரிச் சான்று.

5. மனுக் கொடுப்பவரின் பாங்கி பாஸ்புக் நகல். ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை பெற்றிருந்தால் அந்த பில் நகல்.

இறந்தவருக்காகக் கேட்கும்போது வாரிசு சான்றும் கையில் இருப்பது நல்லது.

"எல்லாம் இருந்துச்சு. ஆனா எப்.ஐ.ஆரிலே அவர் பேரு ஒரு மாதிரி, ஆதார் கார்டிலே வேற மாதிரி. இனிஷியலும் மாறிக்கிடந்துச்சு. அதைச் சரிபண்ணவே ஒரு மாசம் ஓடிப்போச்சு" என்றார் அந்தப் பெண். இதை ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்த அன்றே பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் ஆதாரோடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

சட்டப்படி, விசாரணை அதிகாரி ஒரு மாதத்துக்குள் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும். அதன்பிறகு 15 நாளில் பொது இன்சூரன்ஸ் கவுன்சில் நேராக பாங்கி கணக்கில் பணத்தைப் போட வேண்டும். மொத்தம் 2 மாதம். அந்தப் பெண்ணுக்கு 4 மாதம் ஆனது. 2024 ஜூன் மாதம், மகளின் போனுக்கு மெசேஜ் வந்தது. 2 லட்சம் ரூபாய்.

கடனை அடைத்தார். மீதியை பாங்கியில் டெபாசிட் போட்டார். மகள் துணிக்கடைக்குப் போகவில்லை. பி.காம். சேர்ந்தார்.

"அந்த லாரிக்காரன் யாருன்னு இப்பவும் தெரியாது சார். ரோட்டிலே ஒவ்வொரு லாரி போகும்போதும், இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு பார்த்துக்கிட்டே நிக்கிறேன்" என்றபோது அவர் கண்களில் நீர் முட்டியது.

67 ஆயிரம் விபத்து, 205 மனு!

இவருக்காவது ஒரு பெரியவர் வழி சொன்னார். மற்றவர்கள் கதி?

சுப்ரீம் கோர்ட்டில் வெளியான கணக்கைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது. 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67 ஆயிரத்து 387. ஆனால் 2022-23 நிதி ஆண்டில் இந்தப் பணத்தைக் கேட்டு வந்த மனுக்கள் வெறும் 205. அதில் அந்த ஆண்டில் பைசல் ஆனவை 95.

காரணம் என்ன? பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னது.

இந்த வழக்குக்கு மூலகாரணம் நம் கோவைக்காரர் ஒருவர். எலும்பு முறிவு சிகிச்சை நிபுணரான டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி 2012-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, பங்கஜ் மித்தல் ஆகியோர் 2024-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி முக்கியமான உத்தரவு போட்டார்கள். அதன் சாரம்:-

விபத்து பதிவாகி ஒரு மாதத்துக்குள் மோதிய வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், "உங்களுக்கு இந்தத் திட்டத்தில் பணம் கேட்க உரிமை இருக்கிறது" என்று போலீசாரே எழுத்து மூலம் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ தெரிவிக்க வேண்டும். எந்த அதிகாரியிடம் போகவேண்டும், அவருடைய ஆபீஸ் எங்கே, இ-மெயில் முகவரி என்ன என்பதையும் தெரிவிக்க வேண்டும். விபத்து அறிக்கையை போலீசார் நேராக விசாரணை அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைத்து, 2 மாதத்துக்கு ஒருமுறையாவது கூடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இப்போது ஸ்டேஷனில் போய் "ஏதாவது கிடைக்குமா?" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "ஒரு மாதம் ஆகிவிட்டது, அந்தக் கடிதத்தைக் கொடுங்கள்" என்று கேட்கலாம்.

5 ஆயிரத்தில் ஆரம்பம்

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. 1982-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதியே, பழைய 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இது வந்துவிட்டது. அப்போது உயிருக்கு 5 ஆயிரம் ரூபாய். பலத்த காயத்துக்கு ஆயிரம் ரூபாய். 1988-ம் ஆண்டு புதுச் சட்டத்தில் அது 8 ஆயிரத்து 500, 2 ஆயிரம் என்று ஆனது. 1994-ல் 25 ஆயிரம், 12 ஆயிரத்து 500. அதோடு நின்றுவிட்டது. சுமார் 27 ஆண்டு ஒரு பைசா ஏறவில்லை!

இப்போதுள்ள 2 லட்சமும் 50 ஆயிரமும் 2019-ல் திருத்திய சட்டத்தின்படி வந்தவை. இறந்தவர் கூலிக்காரரா, மானேஜரா என்ற பேதம் இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகைதான். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்த முடியுமா என்று யோசிக்கும்படியும் மத்திய அரசை சுப்ரீம் கோர்ட்டு கேட்டது.

பலத்த காயம் என்றால் எது? எலும்பு முறிவு, மூட்டு நழுவல், பல் உடைதல், கண் பார்வை அல்லது காது கேட்கும் சக்தி போய்விடுதல், கை கால் இழத்தல் இவையெல்லாம் சேரும். வெறும் சிராய்ப்புக்கு கிடைக்காது.

பின்னால் வண்டி சிக்கிவிட்டால்? நல்லதுதான். வாங்கிய 2 லட்சத்தால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. கோர்ட்டில் முழு நஷ்டஈடு கேட்கலாம். அது கிடைத்தபிறகு, முன்னே வாங்கியதை அதிலிருந்து கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சியின் கால்

இடித்தவன் ஓடவில்லை. நம்பரும் இருக்கிறது. ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. அப்போது என்ன செய்வது?

அதற்கு சென்னை நகரில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் கதையைக் கேளுங்கள்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இரவு கடையைச் சாத்திவிட்டு ரோட்டைக் கடந்தார். வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் மோதி வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டி வந்தது வேலையில்லாத 21 வயது வாலிபர். வண்டி அவருடையது அல்ல. அது மூன்று கை மாறிய வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் வேலூர் பக்கத்து ஆசாமி ஒருவருடையது. இன்சூரன்ஸ் 2020-லேயே காலாவதி!

"பையனோட சொந்தக்காரங்க நாலு பேர் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. 'இருபதாயிரம் வாங்கிக்கிட்டு சமாதானமா எழுதிக்கொடுங்க அண்ணாச்சி. இன்சூரன்சும் கிடையாது, கேஸ் போட்டா ஒரு ரூபாய் தேறாது'ன்னாங்க. எனக்கும் அப்போ அது சரின்னுதான் பட்டுச்சு. என் மச்சான்தான் கையெழுத்துப் போட விடலை" என்றார் அண்ணாச்சி.

மச்சான் செய்தது சரி. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் நஷ்டஈடு இல்லை என்று அர்த்தம் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டியதை வண்டிச் சொந்தக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றுதான் அர்த்தம்!

அண்ணாச்சி வழக்குப் போட்டார். சென்னைக்குள் நடந்த விபத்துகளுக்கு ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் கோர்ட்டுதான் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயமாகவும் இருக்கிறது. விபத்து நடந்த ஊரிலோ, நாம் குடியிருக்கும் ஊரிலோ, எதிராளி இருக்கும் ஊரிலோ எதில் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம்.

ஆனால் ஒரு கெடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி யாரும் காலம் தாழ்த்த வேண்டாம். அண்ணாச்சி ஐந்தாவது மாதம் வழக்குப் போட்டார்.

17 ஆயிரத்துக்கு விற்ற வண்டி

கோர்ட்டில் வேலூர்க்காரர் சொன்ன பதில்: "அந்த வண்டியை நான் எப்பவோ வித்துட்டேன்!"

அந்தப் பதில் எடுபடவில்லை. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் நவீன்குமார் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

2025-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வாலிபரும் வேலூர்க்காரரும் சேர்ந்து, வட்டியுடன் 4 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

வேலூர்க்காரரிடம் போனில் பேசினோம். அவர் ஒரு சிறு மெக்கானிக். குரல் கம்மிப் போய்ப் பேசினார்.

"29, 30-ம் நம்பர் பாரத்திலே வெறும் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புக்கைக் கொடுத்து அனுப்பிட்டேன் சார். வாங்கினவன் பேர் மாத்திக்குவான்னு நெனச்சேன். 17 ஆயிரத்துக்கு வித்த வண்டிக்கு 4 லட்சம் கட்டுறேன். அவரு கால் போச்சு. எனக்கு வீட்டுமனை போகப்போகுது" என்றார்.

பழைய வண்டியை விற்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும் வரை அது உங்கள் வண்டிதான்!

இன்சூரன்ஸ் என்ன பெரிய தொகையா? 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஆண்டுக்கு வரி நீங்கலாக 714 ரூபாய். அதைக் கட்டாததற்கு அபராதம் முதல் முறை 2 ஆயிரம், மறுபடி சிக்கினால் 4 ஆயிரம். 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு. அதெல்லாம் சில்லறை. விபத்து நடந்தால் வருவதுதான் மலை!

தீர்ப்பு வந்தால் போதுமா?

தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராமல் தவிப்பவர்கள் பலர். "ஜட்ஜ்மெண்டை பிரேம் போட்டு மாட்டவா சார்?" என்று அண்ணாச்சியும் ஆரம்பத்தில் நொந்துகொண்டார்.

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 174-வது பிரிவின்படி, தீர்ப்பாயத்தில் மனுப் போட்டால், அவர்கள் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்புவார்கள். நில வரி பாக்கியை எப்படி வசூலிப்பார்களோ, அப்படி சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் வீட்டுக் கதவில் ஒட்டியதும்தான் வேலூர்க்காரர் 1 லட்சம் ரூபாய் கட்டினார். மீதியைத் தவணையில் கட்டி வருகிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், சொந்தக்காரர் போதுமான ஈடு காட்டாதவரை அதை விடுவிக்கக் கூடாது, 3 மாதம் ஆனதும் ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். இப்படி விதி செய்யச் சொல்லி 2018-ம் ஆண்டு செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அண்ணாச்சி மேல் மோதிய வண்டியும் ஏலம் போனது. பழைய இரும்பு விலைதான் கிடைத்தது. லாரி, வேன், கார் என்றால் நல்ல தொகை தேறும். ஆகவே வண்டி ஸ்டேஷனில் இருந்து வெளியே போகுமுன் வக்கீல் மூலம் ஆட்சேபம் சொல்லிவிட வேண்டும்.

டிரைவருக்கு லைசென்சு இல்லை, ஆனால் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட்டுகள் உத்தரவிடுவது வழக்கம். "லைசென்சு இல்லை, ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியவை

விபத்து நடந்த வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. அதனால் உறவினரோ நண்பரோ ஒருவர் இந்த வேலைகளைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்:-

* முதலில் உயிர். தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் முதல், 7 நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைத் திட்டம் அறிவித்திருக்கிறது.

* ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "ரோட்டில் வண்டி மோதியது" என்று தெளிவாகச் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். "கீழே விழுந்துவிட்டார்" என்று எழுதிவிட்டால் பின்னால் வம்பு.

* எப்.ஐ.ஆர். இல்லாமல் எதுவும் நகராது. அன்றே புகார் கொடுங்கள்.

* வழியில் உள்ள கடை, பெட்ரோல் பங்க், அடுக்குமாடி வீடு இவற்றின் கேமரா பதிவுகளைப் பற்றி போலீசாரிடம் சொல்லுங்கள். நாள் கடந்தால் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

* நம்பர் தெரிந்தால், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் உண்டா என்று போக்குவரத்துத் துறை செயலியில் பாருங்கள். போலீசார் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் கேளுங்கள்.

* உங்கள் பாஸ்புக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருந்தால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தனியாக உண்டு. இறந்தவர் தன் பெயரில் உள்ள வண்டியை, லைசென்சுடன் ஓட்டிச் சென்றவர் என்றால், அவருடைய இன்சூரன்சிலேயே 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். மோதியது எந்த வண்டியானாலும் அது கிடைக்கும்.

* எதையும் படிக்காமல் சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

* வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. போன் நம்பர் 15100.

* "நான் வாங்கித் தருகிறேன், எனக்குப் பாதி" என்று வரும் புரோக்கர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணம் நேராக உங்கள் பாங்கி கணக்கில்தான் வரும்.

* ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் தயங்காமல் தூக்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் பெயர் சொல்லவோ, சாட்சி சொல்லவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

பெரியவரின் கேள்வி

அந்த மனு எழுதும் பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தோம். அதே மரத்தடி. அதே மேஜை. மேஜை மேல் கார்பன் பேப்பர், பேனா, ஒரு தூக்குச்சட்டியில் மோர்.

"உங்களால் அந்தக் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைத்ததே?" என்றோம்.

"நான் என்ன தம்பி கொடுத்தேன்? கவர்மெண்டு கொடுக்கிறதாச் சொன்ன பணம். கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றார் அவர். "விதவை பென்ஷனுக்கு மனு எழுத வர்ற பொம்பளைங்க தினம் நாலஞ்சு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தர்கிட்டேயும் நான் ஒரு கேள்வி கேட்டுடுவேன். வீட்டுக்காரர் எப்படிம்மா இறந்தார்னு. வருஷத்துலே ரெண்டு பேராவது, 'வண்டி அடிச்சு, எந்த வண்டின்னு தெரியாது'ன்னு சொல்றாங்க. யாருக்குமே இந்தத் திட்டம் தெரிஞ்சிருக்கலை."

நாம் பேசிக்கொண்டிருந்தபோதே, கையில் மஞ்சள் பையுடன் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவை எடுத்தார்.

"உட்காரும்மா. வீட்டுக்காரர் எப்படி இறந்தார்?"

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.